‘இஎஃப் 60’ என்றால் இதயத்தில் 40 சதவீதம் போய்விட்டதா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து 57 வயது விவசாயி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மஞ்சளும் தென்னையும் வைத்திருப்பவர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஒருநாள் அளந்தபோது 130/80 என்று வந்ததும், ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்திவிட்டார். இப்போது இரண்டு மாதமாக, ராத்திரி இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் நெஞ்சு ஒரு நொடி நின்றுபோய், அப்புறம் ‘திம்’மென்று ஓங்கி ஓர் அடி அடிக்கிறது. நெஞ்சுவலி இல்லை, மயக்கம் இல்லை, வரப்பில் நடந்தால் மூச்சு வாங்குவதும் இல்லை. பயந்துபோய் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுத்தார். அங்கே பிபி 160/100, நாடித்துடிப்பு 74.

ரிப்போர்ட்டை மருமகள் படித்துச் சொன்னார். ‘எல்வி இஎஃப் 60 சதவீதம்’ என்ற இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர், “நூத்துக்கு அறுபதுதான் வேலை செய்யுது, நாப்பது போயிருச்சு, உடனே ஆஞ்சியோ பண்ணிருங்க” என்றாராம். இவரும் தோட்டத்து மோட்டாரை வைத்துத்தான் யோசித்திருக்கிறார்: “எடுக்க வேண்டிய தண்ணியில மோட்டார் அறுபது பங்குதான் எடுக்குதுன்னா ஒண்ணு புட்வால்வு போயிருக்கும், இல்ல காயில் போயிருக்கும். என் இதயத்துல எது போச்சுங்க டாக்டர்?” மூன்று வாரமாக அவர் தோட்டத்துக்கே போகவில்லை. படுத்தே இருக்கிறார். நகையை அடகு வைத்து ஆஞ்சியோவுக்குப் பணம் புரட்டலாமா, அதுவரை மருதம்பட்டைக் கஷாயம் குடித்தால் போதுமா என்பதும் அவர் கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

முதலில் நீங்கள் மூன்று வாரமாகச் சுமந்துகொண்டிருப்பதை இறக்கி வைத்துவிடுகிறேன். உங்கள் இதயத்தில் நாற்பது சதவீதம் எங்கேயும் போகவில்லை. 60 என்பது நல்ல அளவு. என் இதயத்தை எக்கோவில் பார்த்தாலும், உங்கள் மகனுடையதைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும். நூறு என்று யாருக்குமே வராது.

ஆனால் கடிதத்தை இத்தோடு முடிக்க முடியாது. ரிப்போர்ட்டில் நீங்கள் பயந்த வரி நல்ல வரி. நீங்கள் கவனிக்காமல் தாண்டிப்போன இரண்டு வரிகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. அவை ஏன் முக்கியம் என்று புரிய, ஒரு துடிப்புக்குள் இதயம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கிணற்றையும் வால்வையும் வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும்.

110, 44, 66

நீங்கள் அனுப்பிய நகலில் இரண்டு எண்கள் இருக்கின்றன. இடது கீழறை (ரிப்போர்ட்டில் ‘எல்வி’) நன்றாக விரிந்து நிரம்பியபோது 110 மில்லி. சுருங்கி முடித்தபோது மிச்சம் 44 மில்லி. அப்படியானால் ஒரு துடிப்புக்கு வெளியே போனது 66 மில்லி, ஒரு சின்ன டம்ளர் காபி அளவு. 110-ல் 66 என்பது 60 சதவீதம். இஎஃப் என்றால் இவ்வளவுதான்: நிரம்பியதில் எத்தனை பங்கு ஒரு சுருக்கத்தில் வெளியே போகிறது என்ற விகிதம். எவ்வளவு தசை உயிரோடு இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை, பரீட்சை மார்க்கும் அல்ல.

மிச்சம் 44 மில்லி ஏன் உள்ளேயே நிற்கிறது? அது இதயத்தின் கையிருப்பு. நீங்கள் மண்வெட்டியை எடுத்துக் கொத்த ஆரம்பித்ததும் இதயம் இன்னும் இறுக்கிச் சுருங்கி, அந்தக் கையிருப்பிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அனுப்பும். எப்போதும் முழுக்க வழித்து அனுப்பிவிட்டால், அவசரத்துக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. பொதுவாக 50-க்கு மேல் இருந்து 70 வரை வந்தால் பம்ப் செய்யும் பலம் சரியாக இருக்கிறது என்கிறோம். 40, அதற்கும் கீழே என்றால்தான் பம்ப் செய்யும் பலம் குறைந்துவிட்டது என்போம். இன்னொன்று, எக்கோவில் அளக்கும் ஆள் மாறினாலே ஐந்து புள்ளி முன்னே பின்னே வரும். நாளைக்கு வேறொருவர் பார்த்து 57 என்று எழுதினால், ‘மூன்று சதவீதம் இறங்கிவிட்டது’ என்று மறுபடி படுத்துக்கொள்ளாதீர்கள்.

66-ஐ உங்கள் நாடித்துடிப்பு 74-ஆல் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 4,884 மில்லி, கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். உங்கள் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, நிமிடத்துக்கு ஒரு தடவை அத்தனை ரத்தமும் இதயத்தைத் தாண்டிப் போகிறது. ஒரு நாளைக்கு ஏழாயிரம் லிட்டர். மாடியில் வைத்திருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை ஏழு தடவை நிரப்பலாம்.

இதே பெருக்கல்தான் 1628-ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வியின் கையில் பெரிய ஆயுதமாக இருந்தது. அதுவரை ஐரோப்பாவில், சாப்பாட்டிலிருந்து ஈரல் ஓயாமல் புது ரத்தம் செய்து அனுப்புகிறது, உடம்பு அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது என்றுதான் நம்பினார்கள். ஒரு துடிப்புக்குப் போகும் ரத்தத்தை, மிகக் குறைவாகவே வைத்து, துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தார் ஹார்வி. அவ்வளவு ரத்தத்தை எந்த ஈரலாலும் செய்ய முடியாது, எவ்வளவு சாப்பிட்டாலும் வராது. அப்படியென்றால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நீங்கள் பயந்துபோன அதே கணக்கு, ரத்த ஓட்டம் என்ற ஒன்றையே நிரூபித்த கணக்கு. எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

ஒரு துடிப்புக்குள்

போர் மோட்டார் போட்டதிலிருந்து ஒரே சீராகத் தண்ணீரைத் தள்ளும். இதயம் அப்படி அல்ல. அது தெருமுனை அடிபம்பு மாதிரி: நிரம்புவது ஒரு நேரம், தள்ளுவது ஒரு நேரம். உங்களுக்கு ஒரு துடிப்பு 0.8 நொடி. அதில் கீழறை சுருங்கித் தள்ளுவது ஏறக்குறைய 0.3 நொடி. மிச்சம் 0.5 நொடி அது தளர்ந்து நிரம்புகிறது. தள்ளுவதைவிட நிரம்பும் நேரம்தான் அதிகம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலது மேலறையின் உச்சியில் ஒரு சின்னத் தசைக் கொத்து இருக்கிறது. மின்துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. முதலில் இரண்டு மேலறைகளும் சுருங்கி, கையில் இருக்கும் ரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளிவிடுகின்றன. மின்துடிப்பு கீழே இறங்கும் வழியில் ஒரு கேட் மாதிரி ஓரிடத்தில் பத்தில் ஒரு நொடி தாமதிக்கிறது. அந்தத் தாமதம் இல்லாவிட்டால் மேலறையும் கீழறையும் ஒரே சமயத்தில் சுருங்கி, கீழறை முழுசாக நிரம்பாமலே போய்விடும்.

அப்புறம் கீழறைகள் சுருங்க ஆரம்பிக்கின்றன. உள்ளே அழுத்தம் ஏறியதும் மேலறைக்குப் போகும் வால்வுகள் இரண்டும் சாத்திக்கொள்கின்றன. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘லப்’ அந்தச் சத்தம். இந்த வால்வுகளை எந்தத் தசையும் இழுத்துத் திறப்பதில்லை. உங்கள் கிணற்று புட்வால்வு மாதிரியேதான்: எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அதற்கேற்பத் தானாகத் திறக்கும், தானாக மூடும். ஒரு வித்தியாசம், இதழ்கள் பின்பக்கம் புரண்டுவிடாமல் கீழிருந்து வெள்ளை நூல்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது இருபதில் ஒரு பங்கு நொடிக்கு ஒரு விசித்திரமான நிலைமை. உள்ளே வரும் கதவும் சாத்தியாகிவிட்டது, வெளியே போகும் கதவும் இன்னும் திறக்கவில்லை. கீழறை மூடிய பெட்டிக்குள் இறுக்கிக்கொண்டே போகிறது, ஒரு சொட்டும் நகரவில்லை. வெளியே பெருந்தமனியில் ஏற்கெனவே ஓர் அழுத்தம் நிற்கிறதே, அதை மீறினால்தான் கதவு திறக்கும். அந்த அழுத்தம்தான் பிபியில் நீங்கள் பார்க்கும் கீழ் எண். 120/80 உள்ளவருக்கு 80-ஐத் தாண்டியதும் திறக்கும். உங்களுக்கு 100-ஐத் தாண்ட வேண்டும். இதற்குத் திரும்பி வருகிறேன்.

கதவு திறந்ததும் ரத்தம் பாய்கிறது. இடது கீழறையின் தசை நார்கள் கயிறு திரித்த மாதிரி சாய்வாகச் சுற்றியிருப்பதால், அது வெறுமனே அமுங்குவதில்லை, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு சுருங்குகிறது. இதே நேரத்தில் வலது கீழறை அதே 66 மில்லியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் எதிர்ப்பு குறைவு, ஆகவே அங்கே 25 அழுத்தம் இருந்தாலே போதும். இடது பக்கம் உச்சந்தலை முதல் பாதம் வரை அனுப்ப 120 வேண்டும். அடுத்த தடவை கறிக்கடைக்குப் போனால் ஓர் ஆட்டு இதயத்தைக் குறுக்கே வெட்டித் தரச் சொல்லிப் பாருங்கள். ஒரு பக்கச் சுவர் மெல்லிசாக, விரலால் மடக்கலாம் போல இருக்கும். இன்னொரு பக்கம் கெட்டியாக, அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பாக இருக்கும். உள்ளே நான் சொன்ன வெள்ளை நூல்களும் தெரியும். மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான், புத்தகத்தில் படித்ததெல்லாம் எனக்கு நிஜமாகப் புரிந்தது.

தள்ளி முடித்ததும் கீழறை தளர்கிறது. பெருந்தமனியிலிருந்து ரத்தம் திரும்பி வரப் பார்க்கும்போது அந்த வால்வு சாத்திக்கொள்கிறது. அது ‘டப்’. பெருந்தமனி ரப்பர் மாதிரி விரிந்து வாங்கிக்கொண்ட ரத்தத்தை, இதயம் ஓய்வில் இருக்கும் நேரத்திலும் மெல்லச் சுருங்கி முன்னால் அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலறைக் கதவு மறுபடி திறந்து, சேர்ந்திருந்த ரத்தம் தானாகவே கீழே இறங்குகிறது. நிரம்புவதில் முக்கால் பங்கு இப்படித்தான். கடைசிக் கால் பங்குக்குத்தான் மேலறை சுருங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. இதயத் தசைக்கே ரத்தம் வேண்டுமே? இடது கீழறையின் தசை தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் இந்தத் தளர்ந்த நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. சுருங்கும்போது அதன் குழாய்கள் தசைக்குள்ளேயே நசுங்கிக் கிடக்கும்.

ராத்திரி ‘நின்று அடிப்பது’

இது நிற்பது அல்ல ஐயா, முந்திக்கொள்வது. சில சமயம் இதயத்தின் வேறோர் இடத்திலிருந்து முறைக்கு முன்னாலேயே ஒரு துடிப்பு கிளம்பிவிடும். எக்டோபிக் என்போம். அப்போது கீழறை இன்னும் சரியாக நிரம்பியிருக்காது. வெறும் பம்பை அடித்த மாதிரி, கொஞ்சம்தான் வெளியே போகும். அந்தத் துடிப்பு கையில் நாடியாகத் தெரியாமலே போகலாம், உங்களுக்கும் அடிப்பது தெரியாது. அதற்குப் பிறகு அடுத்த துடிப்பு வர வழக்கத்தைவிடச் சற்று நேரமாகும். அதைத்தான் ‘நின்றுவிட்டது’ என்கிறீர்கள். அந்த நீண்ட இடைவெளியில் கீழறை கூடுதலாக நிரம்புகிறது. எவ்வளவு இழுபட்டு நிரம்புகிறதோ அவ்வளவு ஓங்கிச் சுருங்குவது இதயத் தசையின் இயல்பு. அதுதான் அந்த ‘திம்’. இடப்பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருவதால் இன்னும் தெளிவாகத் தெரியும், அதுவும் ஊர் அடங்கிய நேரத்தில்.

இப்படி ஒருவரைப் பரிசோதிக்கும்போது ஒரு கையால் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பேன். காதில் லப்-டப், லப்-டப், சட்டென்று ஒரு முந்திய லப். விரலில் மட்டும் ஒன்றும் வராது. பெரும்பாலானவர்களிடம் அந்த ஸ்டெதாஸ்கோப்பை அவர்கள் காதிலேயே வைத்துக் கேட்கச் சொல்லிவிடுவேன். நின்றதாக நினைத்த இடத்தில் ஒரு துடிப்பு இருப்பதைத் தாங்களே கேட்டபிறகு முகம் மாறிவிடும்.

எக்டோபிக் ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். தூக்கம் கெட்டால், டீ காபி அதிகமானால், ரத்தச்சோகை, தைராய்டு, பொட்டாசியம் குறைவு இருந்தால் கூடும். பிபி கட்டுப்படாமல் இருந்தாலும் கூடும். ஆனால் உங்களை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் எக்டோபிக்காக இருக்க அதிக வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன், உறுதி சொல்லவில்லை. ஒரு இசிஜியும், 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போகும் ஹோல்டர் பரிசோதனையும் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

நீங்கள் தாண்டிப்போன இரண்டு வரிகள்

உங்கள் ரிப்போர்ட்டில் ‘இடது கீழறைச் சுவர் 12 மி.மீ., லேசான தடிப்பு’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்று இன்னொரு வரி. மருமகள் ‘லேசானது’, ‘கிரேடு 1’ என்று படித்ததும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். என் கண் அங்கேதான் நிற்கிறது.

அந்த மூடிய கதவை நினைத்துக்கொள்ளுங்கள். 80-ல் திறக்க வேண்டிய கதவு உங்களுக்கு 100-ல்தான் திறக்கிறது. திறந்தபிறகும் 120-க்குப் பதிலாக 160 வரை ஏற்றித் தள்ள வேண்டியிருக்கிறது. நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தடவை. ஒரு வருடமாக மாத்திரை இல்லாமல் இதைத்தான் உங்கள் இதயம் செய்துகொண்டிருக்கிறது, உங்களிடம் ஒரு வார்த்தை முறையிடாமல். தினமும் மூட்டை தூக்குபவரின் கை தடிப்பது மாதிரி அதன் சுவரும் தடித்திருக்கிறது. ஆண்களுக்கு அது 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

கை தடித்தால் பலம். இதயச் சுவர் தடித்தால் விறைப்பு. விறைத்த சுவர் நன்றாகவே சுருங்கும், அதனால்தான் இஎஃப் 60 என்று அழகாக வருகிறது. தளர்வதுதான் அதற்குக் கஷ்டம். நான் முதலில் சொன்னேனே, தள்ளும் நேரத்தைவிட நிரம்பும் நேரம் அதிகம் என்று? அந்த நிரம்பும் வேலையில் சின்னத் தடங்கல் ஆரம்பித்திருக்கிறது என்பதைத்தான் ‘கிரேடு 1’ சொல்கிறது. தானாக இறங்க வேண்டிய ரத்தம் குறைந்து, மேலறை தள்ளிக் கொடுக்க வேண்டிய பங்கு கூடியிருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இது வயதாலேயே கொஞ்சம் இருக்கும், இதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தடித்த சுவரோடும் 160/100-ஓடும் சேர்த்துப் பார்க்கும்போது இது பிபியின் கைவேலை என்றே படிக்கிறேன். இப்படியே பல வருடம் போனால் மேலறை பெருத்து, துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். இஎஃப் நன்றாக இருக்கும்போதே மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் வருகிற இதயச் செயலிழப்பும் உண்டு. ‘இஎஃப் நல்லாத்தானே இருக்கு’ என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

‘டிரிவியல் எம்ஆர்’ என்ற வரியை மட்டும் நிஜமாகவே மறந்துவிடலாம். மிட்ரல் வால்வு மூடும்போது துளி ரத்தம் பின்னால் கசிகிறது என்று அர்த்தம். நல்ல இதயங்கள் பலவற்றில் அது தெரியும். உங்கள் புட்வால்வு பத்திரமாக இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தியது

கோபித்துக்கொள்ளவில்லை. இதே காரணத்தைச் சொல்லி நிறுத்தியவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். 130/80 வந்தது மாத்திரை வேலை செய்ததால். கரையை எடுத்துவிட்டு, வயலில் தண்ணீர் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது அல்லவா?

நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பழைய அட்டையைப் பிரித்து நீங்களே ஆரம்பிக்க வேண்டாம். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை உங்களைப் பார்த்து, சிறுநீரகப் பரிசோதனையும் செய்து, அங்கே இருக்கும் டாக்டர் முடிவு செய்யட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021-லிருந்து பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் 140/90-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். உடம்பு தாங்கினால் 130/80-க்குக் கீழே. பிபி நன்றாகக் கட்டுப்பட்டால், தடித்த சுவர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையவும் செய்யும். இதை நான் எக்கோவில் பலருக்குப் பார்த்திருக்கிறேன்.

மருதம்பட்டைக் கஷாயம் மாத்திரைக்குப் பதிலாக ஆகாது. ஏற்கெனவே குடிக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது வீட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே பெரும்பகுதி முடிந்தது.

அப்புறம், படுத்துக் கிடப்பதை விடுங்கள். உங்கள் இதயத்துக்கு ஓய்வு ஒவ்வொரு துடிப்பிலும் அரை நொடி கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது, கட்டில் ஓய்வு அதற்கு வேண்டாம். காலையிலும் மாலையிலும் வரப்பில் நடங்கள், தண்ணீர் பாய்ச்சுங்கள். தென்னை ஏறுவது, மூட்டை தூக்குவது மட்டும் பிபி அடங்கும் வரை வேண்டாம்.

ஆஞ்சியோ வேண்டுமா?

ஆஞ்சியோ பார்ப்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று. பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்பது வேறு கேள்வி, அதற்கு எக்கோவே பதில் சொல்லிவிட்டது. நடந்தால் நெஞ்சு இறுகுவதில்லை, மூச்சு வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ‘இஎஃப் 60’ என்ற ஒரு காரணத்துக்காக ஆஞ்சியோ செய்ய எந்த நியாயமும் இல்லை. நகையை அடகு வைக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓய்வில் எடுத்த எக்கோ நன்றாக இருந்தால் அடைப்பே இல்லை என்று அர்த்தம் ஆகாது. உங்களுக்குப் பிபி இருக்கிறது, முன்பு பீடி பிடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனவே வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றை அரசு மருத்துவமனையில் பாருங்கள். பிபி அடங்கியபிறகு தேவையென்று டாக்டர் நினைத்தால் டிரெட்மில் பரிசோதனை. அதில் சந்தேகம் வந்தால் ஆஞ்சியோவைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யாராவது அவசரப்படுத்தினால், “எந்த அறிகுறிக்காக, இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். கேட்பதும், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. மருத்துவமனையில் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. எக்கோ ரிப்போர்ட், இசிஜி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அந்த 12 மி.மீ. வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

படபடப்போடு மயக்கம் வந்தால் அல்லது கண் இருட்டினால். நெஞ்சு நடுவில் இறுக்கம், கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை வந்தால். ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால். வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், பேச்சு குழறினால். இவற்றில் எது வந்தாலும் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், டூவீலரில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டாம். அப்புறம், உங்கள் நெருங்கிய ரத்த சொந்தத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் யாராவது இருந்தால், ஹோல்டர் எடுக்கும்போதே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஒரு பிபி மிஷின் வாங்க முடிந்தால், புஜத்தில் கட்டும் வகையாக வாங்குங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்து, காலையிலும் மாலையிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் மருமகள் ரிப்போர்ட்டை வரி விடாமல் படித்திருக்கிறார், இந்த வேலைக்கு அவர்தான் சரி. ஹோல்டர் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மொத்தத் துடிப்பில் எக்டோபிக் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். பத்துக்கு மேலே என்றால் இதயத்தைக் களைப்பாக்கக் கூடும், அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். அந்த எண்ணோடு, மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்தின் பிபி நோட்டையும் நகலெடுத்து அனுப்புங்கள்.